உள்பூச்சே இல்லாத பெர்க்லி தேவாலயம்: காசு தீர்ந்துபோனதாலா, வேண்டுமென்றேவா?

கேள்வி: கொள்ளிடத்துக்காரி

என் மகள் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் காலேஜ் அவென்யூவில் இருக்கும் ஜூலியா மோர்கன் தியேட்டருக்கு நாடக வகுப்புக்காகப் போகிறாள். சென்ற சனிக்கிழமை பிள்ளைகளின் நாடகம். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவையும் அழைத்துப்போனேன். கும்பகோணம் பக்கத்தில் முப்பத்தைந்து ஆண்டு தச்சுவேலை செய்தவர் அவர். ஒரு காலத்தில் இது தேவாலயமாக இருந்தது என்று வாசலில் சொல்லித் தொலைத்தேன். உடனே குனிந்து செருப்பைக் கழற்றத் தொடங்கிவிட்டார். இப்போது நாடகக் கொட்டகைதான் அப்பா என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன்.

உட்கார்ந்தவர் மேடையைப் பார்க்கவே இல்லை. பேத்தி மரமாக நடித்தாள், அதையும் பார்க்கவில்லை. பக்கத்துச் சுவரையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். இடைவேளையில் என் பக்கம் சாய்ந்து, "ஏம்மா, இதை எப்போது முடிக்கப்போகிறார்கள்?" என்றார்.

போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் கூடத்தின் சுவருக்கு உட்புறம் பூச்சு கிடையாது. நெடுக்கு நெடுக்காக நிற்கும் சட்டங்கள் அப்படியே தெரிகின்றன, அவற்றுக்குப் பின்னால் பலகையின் முதுகு தெரிகிறது. மேலே பார்த்தால் கைமரம், விட்டம், குறுக்குச் சட்டம் எல்லாம் திறந்து கிடக்கின்றன. வைக்கோல் கொட்டகையைத் தவிர வேறெதையும் நம் ஊரில் யாரும் இப்படி விடமாட்டார்கள் என்பது அப்பாவின் கட்சி. "சாமி காரியம், பாதியில் காசு தீர்ந்திருக்கும். நிறுத்தவும் மனமில்லாமல் அப்படியே திறந்து வைத்துவிட்டார்கள்" என்று தீர்ப்பு எழுதிவிட்டார். இது கிராஃப்ட்ஸ்மன் என்று ஒரு பாணி, வேண்டுமென்றே செய்வது என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "கஞ்சப் பாணி என்று சொல்" என்றார்.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். யார் சொல்வது சரி? இன்னும் மூன்று மாதம் அப்பா என்னோடுதான் இருக்கப்போகிறார், நான் தோற்றால் தாங்காது.

பதில்: வரைபலகை

இந்த ஊரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மரக் கட்டடங்களுக்குக் கட்டமைப்பு வரைபடம் போட்டுப் பிழைக்கிறேன். உங்கள் அப்பா சொல்வது பாதி சரி. அந்தப் பாதியை முதலில் கொடுத்துவிடுகிறேன்.

அது செயின்ட் ஜான்ஸ் பிரஸ்பிட்டேரியன் தேவாலயம், புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்களில் ஒரு பிரிவினருடையது. 1908க்கும் 1910க்கும் இடையில் கட்டியது. அந்த ஆண்டுகளைக் கவனியுங்கள். 1906 ஏப்ரலில் சான்பிரான்சிஸ்கோவில் நிலநடுக்கமும் தீயும். வீடிழந்தவர்களில் ஏராளமானோர் வளைகுடாவைக் கடந்து இந்தக் கரைக்கு வந்தார்கள். 1900இல் சுமார் 13 ஆயிரமாக இருந்த பெர்க்லியின் மக்கள்தொகை 1910இல் 40 ஆயிரத்தைத் தாண்டியது. தெருக்கள் புதிது, வீடுகள் புதிது, சபைகளும் புதிது. புதுக்குடித்தனக்காரர்கள் சேர்ந்து கட்டும் கோயிலில் எவ்வளவு பணம் இருக்கும்? சபையிடம் காசு குறைவு என்பது உண்மை. ஆனால் பாதியில் தீரவில்லை. குறைவு என்று முதல் நாளே தெரியும், தெரிந்தேதான் அப்படி வரைந்தார்கள்.

வரைந்தவர் ஜூலியா மோர்கன். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1894இல் சிவில் இன்ஜினியரிங் பட்டம் வாங்கியவர். பிறகு பாரிஸ் போனார். அங்கே எக்கோல் தே போசார் என்ற கலைப்பள்ளியில் அதுவரை பெண்களுக்கு இடமே இல்லை. விதி மாறிய பிறகும் கட்டடக்கலைக்கான நுழைவுத்தேர்வில் மூன்றாவது முயற்சியில்தான், 1898இல், உள்ளே போனார். அந்தப் பிரிவில் சேர்ந்த முதல் பெண் அவர். 1902இல் சான்றிதழோடு திரும்பி, 1904இல் கலிஃபோர்னியாவில் கட்டடக்கலை உரிமம் பெற்ற முதல் பெண்ணும் ஆனார். பின்னாளில் பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்டுக்காக சான் சிமியோன் மலைமேல் ஓர் அரண்மனையையே கட்டினார். அந்த வேலை 1919இல் தொடங்கி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இழுத்தது. பளிங்கும் பொன்முலாமும் அவருக்குத் தெரியாததல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது சுவர். உங்கள் அப்பா தச்சர் என்பதால் அவருக்கு ஒரு நிமிடத்தில் விளங்கும். அன்றைய அமெரிக்க மர வீட்டுச் சுவர் மூன்று அடுக்கு. நடுவில் நெடுக்குச் சட்டங்கள், பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒன்று. வெளிப்பக்கம் பலகை. உட்பக்கம் மெல்லிய ரீப்பர்களை நெருக்கி அடித்து, அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சு. மோர்கன் மூன்றாவது அடுக்கை எடுத்துவிட்டார், அவ்வளவுதான். ரீப்பர் கூலி, பூச்சுக்காரர் கூலி, பூச்சு காயும்வரை காத்திருக்கும் நாட்கள், வண்ணம் எல்லாம் மிச்சம்.

சரி, மிச்சமானது முழுவதும் சபையின் பைக்குப் போனதா என்றால், இல்லை. இங்கேதான் அப்பாவின் கட்சி உடைகிறது. பூச்சு வரப்போகிறது என்று தெரிந்தால் தச்சர் என்ன செய்வார்? அறுத்த சட்டத்தை இழைக்காமல் அப்படியே நிறுத்துவார். கோணலோ முடிச்சோ இருந்தால் கவலைப்படமாட்டார். ஆணி சாய்ந்து இறங்கினால் இன்னொன்று அடிப்பார். சுத்தியல் தழும்பு நூறு இருந்தாலும் பூச்சு எல்லாவற்றையும் மூடிவிடும். நான் ஏறிப் பார்த்த பழைய வீட்டுப் பரண்களில் பாதி, தச்சர் கண்ணை மூடிக்கொண்டு செய்தவை போலத்தான் இருக்கும். பூச்சு இல்லை என்றால் எலும்பே தோல். ஒவ்வொரு சட்டத்தையும் பொறுக்கி எடுக்க வேண்டும், இழைக்க வேண்டும். இடைவெளி பிசகினால் எதிர்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் பிரசங்கம் முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பார். உங்கள் அப்பா பார்த்தது போல.

அடுத்த முறை போகும்போது சட்டங்களின் விளிம்பை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். வைக்கோல் கொட்டகைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் கைக்குத் தெரியும்.

மரம் ரெட்வுட். செம்மரம் என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள், அப்பா ஆந்திரக் காட்டுச் செம்மரத்தை நினைத்துக்கொண்டு மதிப்புப் போடத் தொடங்கிவிடுவார். இது கலிஃபோர்னியக் கடலோர மலைகளில் வளரும் ஊசியிலை மரம். எடை குறைவு, நகத்தால் அழுத்தினால் தடம் விழும். ஆனால் கரையானும் உளுப்பும் எளிதில் அண்டாது, வெயில் மழைக்கு அதிகம் முறுக்கிக்கொள்ளாது. வண்ணம் பூசாமல் விட்டால் கருப்பட்டி நிறத்துக்கு வரும். அன்று இங்கே உள்ளூர்ச் சரக்கு அது.

கிராஃப்ட்ஸ்மன் என்ற பெயர், குஸ்தாவ் ஸ்டிக்லி என்ற மரச்சாமான் தயாரிப்பாளர் 1901 முதல் 1916 வரை நடத்திய பத்திரிகையிலிருந்து வந்தது. கைவேலைக்காரன் என்று பொருள். கட்டடம் எப்படி நிற்கிறது என்பதை மறைக்காதே, பக்கத்தில் கிடைக்கும் பொருளைப் பயன்படுத்து, கைவேலை தெரியட்டும் என்பதுதான் சாரம். இந்தப் பாணியில் நாடெங்கும் பரவிய வீட்டுக்கு என்ன பெயர் தெரியுமா? பங்களோ. வங்காளத்திலிருந்து போன நம் பங்களாதான், சின்னதாகிப்போய் திண்ணையோடு நிற்கிறது. கஞ்சப் பாணி என்று சொன்னவரிடம் இதையும் சொல்லிவையுங்கள்.

பதில்: மூடுபனி

வரைபலகை சார், ஒரு சந்தேகம். இதைக் கட்டியவர் மேபெக் என்றுதான் நான் கேள்விப்பட்டிருக்கிறேன். அதே வட்டாரத்துத் தேவாலயம்தானே?

எப்படியானாலும் கொள்ளிடத்துக்காரி, அப்பாவை ஒரு ஞாயிறு சான்பிரான்சிஸ்கோவுக்குக் கூட்டிவாருங்கள். லயன் தெருவும் வாஷிங்டன் தெருவும் சந்திக்கும் முனையில் ஸ்வீடன்போர்கியன் என்ற கிறிஸ்தவப் பிரிவின் தேவாலயம் இருக்கிறது. நான் அதற்கு நான்கு தெரு தள்ளிக் குடியிருக்கிறேன். தெருவிலிருந்து பார்த்தால் மதில்தான் தெரியும். உள்ளே தோட்டம், தோட்டத்தைத் தாண்டித்தான் கோயில். முதல் முறை போனபோது யாரோ ஒருவருடைய வீட்டுக் கொல்லைக்குள் நுழைந்துவிட்டேனோ என்று தயங்கி நின்றேன்.

1895இல் கட்டியது, அதாவது உங்கள் பெர்க்லிக் கோயிலுக்கு மூத்த அக்காள். கூரையை வளைந்து தாங்குபவை மட்ரோன் மரத்தின் அடிமரங்கள். இழைக்கவில்லை, பட்டையைக்கூட உரிக்கவில்லை! சாந்தா குரூஸ் மலையில் நின்ற மரம் எப்படி வளைந்திருந்ததோ அப்படியே வந்து கூரைக்குக் கீழே நிற்கிறது. உட்கார நீண்ட பெஞ்சுகள் கிடையாது. மேப்பிள் மரத்தில் செய்த தனித்தனி நாற்காலிகள், இருக்கை கோரையில் பின்னியது. டூலி என்று இங்கே சொல்லும் சதுப்புநிலப் புல் அது, நம் பத்தமடைக் கோரைக்குச் சொந்தக்காரப் புல்தான். என் மாமியார் அதில் உட்கார்ந்துவிட்டு, "திருநெல்வேலிப் பாயை நாற்காலியில் ஏற்றிவிட்டார்கள்" என்றார்.

எனக்குப் பிடித்தது பின்பக்கம் இருக்கும் கணப்பு அடுப்பு. கோயிலுக்குள் நெருப்பு மூட்டிக் குளிர் காய்கிறார்கள். அதைக் கட்டுவித்த போதகர் ஜோசப் வூஸ்டருக்குக் கட்டடக்கலையில் பெரும் பித்து. ஓவியர் வில்லியம் கீத் அவருடைய நண்பர், கலிஃபோர்னியாவின் பருவங்களை நான்கு பெரிய ஓவியங்களாக வரைந்து கொடுத்திருக்கிறார். கண்ணாடி ஜன்னல்கள் புரூஸ் போர்ட்டர் செய்தவை. 2004இல் தேசிய வரலாற்றுச் சின்னமாகவும் அறிவித்துவிட்டார்கள். அத்தனைக்குப் பிறகும் உள்ளே போனால் ஒரு பெரிய வீட்டுக் கூடம் போலத்தான் இருக்கிறது.

பதில்: வரைபலகை

மேபெக் இல்லை, மூடுபனி. குழப்பம் வருவது இயல்புதான். பெர்னார்ட் மேபெக் கட்டியது சில தெருக்கள் தள்ளி, டுவைட் வேயும் பௌடிச் தெருவும் சந்திக்கும் இடத்தில் இருக்கும் கிறிஸ்தவ விஞ்ஞான சபையின் கோயில். அதுவும் 1910. மேபெக் மோர்கனின் ஆசிரியர், பாரிஸ் போகத் தூண்டியவரே அவர்தான். ஒரே ஆண்டு, ஒரே ஊர், குருவும் சிஷ்யையும் ஆளுக்கொரு கோயில்.

இரண்டையும் ஒரே பிற்பகலில் பார்த்துவிடலாம். மேபெக்குக்கு அடக்கம் என்பதே கிடையாது. தொழிற்சாலைக்குப் போடும் இரும்பு ஜன்னல் சட்டத்தை வாங்கிவந்து கோயிலில் மாட்டுவார். சுவருக்குக் கல்நார் சிமென்ட் தகடு. அதற்குப் பக்கத்திலேயே கோதிக் பாணிப் பூவேலை, கான்கிரீட் தூண், மேலெல்லாம் விஸ்டேரியா கொடி. கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி எல்லாம் இருக்கும், எல்லாம் ருசியாகவும் இருக்கும். 1977லேயே அது தேசிய வரலாற்றுச் சின்னம். சுற்றுலாக்காரர்கள் அங்கேதான் போகிறார்கள். நான் சிஷ்யை பக்கம். மோர் சாதத்தை ருசியாகச் செய்வதுதான் கடினம்.

இன்னொன்று. பெர்க்லி பல்கலைக்கழக வளாகத்தின் ஓரத்தில் 1898இல் ஷ்வைன்ஃபர்த் என்ற கட்டடக்கலைஞர் கட்டிய, யூனிட்டேரியன் என்ற சபையின் கோயில் ஒன்று நிற்கிறது. அகன்ற தாழ்ந்த கூரை, ஓடு வேய்ந்தது போல மரச்சில்லு போர்த்திய சுவர், வாசலில் பட்டை உரிக்காத ரெட்வுட் தூண்கள். அதில் இப்போது நடனம் சொல்லிக்கொடுக்கிறார்கள். இந்த ஊரில் கோயில்கள் அரங்கமாவது ஒரு தனிப் பழக்கம் போலும். செயின்ட் ஜான்ஸ் சபை 1970களில் அதே காலேஜ் அவென்யூவில் வேறு இடத்துக்குப் போனது. பழைய கூடம் அரங்கமாகி, கட்டியவரின் பெயரையே சூட்டிக்கொண்டது. பிரஸ்பிட்டேரியன் கூடம் நாடகத்துக்குப் பொருந்துவதில் வியப்பில்லை. அவர்களுக்குச் சிலை இல்லை, கருவறை இல்லை. பிரசங்க பீடத்தில் நின்று ஒருவர் பேசுவதைக் கடைசி வரிசை கேட்க வேண்டும். பீடத்தை நகர்த்தினால் மேடை தயார்.

பதில்: நேர்கோடு

எல்லோரும் மெய்மறந்து பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கிறேன். "பக்கத்தில் கிடைக்கும் பொருள்" என்று ரெட்வுட்டைச் சொன்னார் வரைபலகை. எப்படிக் கிடைத்தது? ஓக்லண்ட் மலையில் வானளாவ நின்ற ரெட்வுட் காட்டை 1860க்குள்ளேயே மொட்டையடித்துவிட்டார்கள். பிறகு வடக்கே போய் வெட்டினார்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேல் வாழும் இனம் அது. மனிதக் கை படாத பழைய ரெட்வுட் காட்டில் இன்று மிஞ்சியிருப்பது ஏறத்தாழ 5 சதவீதம். நூறாண்டுக் கணக்கில் வளர்ந்த மரத்தை அறுத்துச் சுவரெல்லாம் நிறுத்திவிட்டு அதற்கு "எளிமை" என்று பெயர் வைத்தால், அது யார் கணக்கில் எளிமை?

என் சொந்தக் கதையும் உண்டு. நான் வாங்கிய 1912ஆம் ஆண்டு வீட்டில் கூடம் முழுவதும் ரெட்வுட் பலகை. பழுது பார்க்க வந்த ஒப்பந்தக்காரர், நான் வேலைக்குப் போயிருந்த இரண்டு நாளில் பாதிச் சுவருக்கு வெள்ளை வண்ணம் அடித்துவிட்டார். "இருட்டாக இருந்தது சார், வெளிச்சமாக்கிவிட்டேன்" என்று பெருமையாகச் சொன்னார். சுரண்டி எடுக்க ஓராண்டு சனி, ஞாயிறு போனது. கைவேலையின் அருமை எனக்குத் தெரியும், காட்டின் கணக்கும் மறக்கவில்லை.

இன்னொரு கேள்வி. உள்ளே ஒன்றும் மூடாத அந்தக் கூடம் நிலநடுக்கத்தில் நிற்குமா? பிள்ளைகள் போகும் இடம்.

பதில்: வரைபலகை

காட்டைப் பற்றிச் சொன்னதற்கு என்னிடம் மறுமொழி இல்லை, நேர்கோடு. அந்தச் சட்டங்களில் தெரியும் நெருக்கமான ரேகைகளை இன்று கடையில் வாங்கும் ரெட்வுட்டில் பார்க்க முடியாது, இளமரங்களை வெட்டுகிறார்கள். அழகு என்று நான் ரசிப்பதே அந்த வயதைத்தான். மோர்கனுக்குத் தெரியாத கணக்கு, எனக்குத் தெரிந்த கணக்கு.

நிலநடுக்கம். ஹேவர்டு பிளவு என்ற நிலநடுக்கப் பிளவு பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்துக்கு அடியிலேயே ஓடுகிறது, காலேஜ் அவென்யூவிலிருந்து நடந்துபோகும் தூரம். மரக் கட்டடம் செங்கல் கட்டடம் போலப் பொலபொலவென்று உதிராது. எடை குறைவு, வளைந்து கொடுக்கும். பழைய மரக் கட்டடங்கள் பொதுவாகத் தோற்பது இரண்டு இடங்களில். ஒன்று, கால். சட்டங்கள் நிற்கும் அடிக்கட்டையை அஸ்திவாரத்தோடு போல்ட் போட்டு இறுக்கியிருக்கமாட்டார்கள், குலுங்கினால் மொத்தக் கட்டடமும் அஸ்திவாரத்தைவிட்டு நகர்ந்து உட்கார்ந்துவிடும். இரண்டு, பக்கவாட்டு விறைப்பு. குறுக்குச் சுவர்கள் இல்லாத பெரிய கூடம் மூடி இல்லாத அட்டைப்பெட்டி மாதிரி, ஒரு பக்கம் தள்ளினால் சாயும்.

வழக்கமான வைத்தியம் சட்டங்களின் மேல் ஒட்டுப்பலகை அறைவது. ஒரு சாதாரண வீட்டுக்கு இரண்டே நாளில் முடிந்துவிடும். திறந்த சட்டமே அழகாக இருக்கும் கட்டடத்தில் அதைச் செய்தால் கட்டடத்தையே மூடியது போலாகும். அதனால் தரைக்கு அடியிலும் கூரைக்கு மேலேயும் வெளிச்சுவர்ப் பலகைக்குப் பின்னாலும் ஒளித்து ஒளித்து வலுவூட்ட வேண்டும். இந்த மாதிரி ஒரு வேலையில் (இந்தக் கோயில் இல்லை, வேறொன்று) ஓர் இரும்புப் பட்டையை எங்கே ஒளிப்பது என்று நானும் இன்ஜினியரும் மூன்று வாரம் சண்டை போட்டிருக்கிறோம். கடைசியில் ஒளிக்கவே வேண்டாம், கறுப்பு வண்ணம் அடித்துத் தெரியும்படியே விடுவோம் என்று முடிவானது. எது கட்டடத்தைத் தாங்குகிறதோ அது தெரியட்டும் என்பதுதானே அந்தப் பாணியின் விதி!

கொள்ளிடத்துக்காரி

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு மொத்தத்தையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அரண்மனை கட்டிய அம்மாள்தான் இதையும் கட்டினார் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பட்டை உரிக்காத மட்ரோன் அடிமரம் என்ற இடத்தில் முகத்தைச் சுளித்தார். "பட்டைக்குள்ளேதான் வண்டு முட்டை வைக்கும், அதை எப்படிச் சமாளித்தார்கள் என்று அந்தப் பிள்ளையிடம் கேள்" என்கிறார். மூடுபனி, கேள்வி உங்களுக்குத்தான்.

பூச்சு இல்லை என்றால் தச்சன் தப்பிக்க முடியாது என்ற பகுதியை மட்டும் இரண்டாம் முறை படிக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தன் குருநாதரைப் பற்றிச் சொன்னார். தேர்வேலையில் உள்ளே யார் கண்ணுக்கும் படாத சட்டத்தைக்கூட இழைக்காமல் விட்டால் கொட்டாப்புளியால் முட்டியில் போடுவாராம். "யார் பார்க்கப்போகிறார்கள்" என்று ஒரு முறை கேட்டதற்கு இரண்டாக விழுந்ததாம்.

தோற்றதாக இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. 16 அங்குலம் என்று நீங்கள் சொன்னதை நம்பவில்லை. அடுத்த சனிக்கிழமை வகுப்புக்குத் தானும் வருகிறாராம். என் கணவரின் கருவிப்பெட்டியிலிருந்து அளவு டேப் காணாமல் போயிருக்கிறது.

பதில்: மூடுபனி

வண்டு விஷயம் எனக்குத் தெரியாது, ஞாயிறு போய் விசாரிக்கிறேன். அப்பா டேப்பால் அளந்ததும் அங்குலத்தை இங்கே எழுதுங்கள்.

பதில்: வரைபலகை

அளக்கும்போது சட்டத்தின் நடுவிலிருந்து அடுத்த சட்டத்தின் நடுவுக்கு அளக்கச் சொல்லுங்கள், விளிம்பிலிருந்து அளந்தால் என் மானம் போய்விடும்.

கொள்ளிடத்துக்காரி

சொன்னேன். "அது எனக்குத் தெரியாதா" என்றார்.